குறை கேட்கும் குணம்

புகழைக் கேட்கும்போது மனிதன் மகிழ்கிறான். குறையைக் கேட்கும்போது வெகுள்கிறான். இஃது உலக இயற்கை. கற்றவன், கல்லாதவன், செல்வன், வறியவன் என்னும் வேற்றுமை இதில் இல்லை. தன் கைவேலையைப் பிறர் பழிக்கக் கேட்டும் சிறிதும் முகம் வாடாத ஒருவன் இருப்பானாயின், அவன் ஆசை அற்ற துறவியாக இருத்தல் வேண்டும்; அன்றேல் தன் வேலையில் பற்றே இல்லாதவனாக இருத்தல் வேண்டும். நம்மில் துறவிகள் மிகச் சிலரே. வேலையில் பற்றில்லாதவர்களைப் பற்றி இங்கே பேச வேண்டுவதில்லை.

ஆகவே, குறை கூறுவோர்மீது சினங்கொள்ளாதே என்று பிறர்க்கு உபதேசித்தல் எளிது. அவ்வாறு நடத்தல் அரிது. நாம் இங்கு ஆராயப் புகுந்த கேள்வி அதுவன்று. சினம் வருகிறது, வந்தே தீரும். வந்த பின்னர் மனிதன் செய்யக் கடவது யாது? கூறப்பட்ட குறை உண்மையென்று தன் நெஞ்சே சாட்சி சொல்லும்போது அவன் எதுவரை போதல் வேண்டும்? குறையைத் திருத்திக்கொண்டால் போதுமா? அதற்கு மேலும் ஒரு கடமை உண்டா?

இக்கேள்விக்கு விடை தேடுங்கால், நீதி நூல்களைக் காட்டிலும் ஒரு தச்சன் மகனுடைய வாழ்க்கை நமக்குத் தெளிவாக வழி காட்டுகிறது. அவர் பெயர் கோட்பிரீட் ஸில்பர்மன். ஜெர்மனி தேசத்தில் சாக்ஸனி என்னும் நாட்டில், கிளைன்பாப்ரிட்ஷ் என்ற சிற்றூரில், 1683ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆம் நாள் பிறந்தார். தேவாலயங்களில் ஒலிக்கும் குழல் ஆர்கன்களைச் செய்தல் அவருடைய தொழில்.

ஆர்மோனியப் பெட்டியைக் கண்டறியாத தமிழர் இலர். ஒரு கையால் துருத்தியை இயக்கி, மறு கையால் கட்டைகளை அழுத்தி, பஜனையிலும் நாடகத்திலும் அதனை வாசிக்கக் கண்டிருக்கிறோம். குழல் ஆர்கனும் காற்றினால் ஒலிப்பதே. ஆனால், ஆர்மோனியத்தில் சிறு பித்தளை நாக்குகள் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. ஆர்கனிலோ ஒவ்வொரு சுரத்திற்கும் தனித்தனிக் குழல்கள் உள்ளன. அவற்றுள் சில சுண்டுவிரலினும் சிறியவை. சில வீட்டுக் கூரையினும் உயர்ந்தவை. சில மரத்தால் ஆனவை. சில வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. பெருந்துருத்திகள் காற்றை ஊதிப் பெட்டியில் நிரப்பும். வாசிப்பவன் கட்டையை அழுத்தினால், மெல்லிய மரச் சட்டங்கள் அவ்வசைவைத் தொலைவுக்குக் கொண்டு சென்று ஒரு சிறு கதவைத் திறக்கும். காற்று குழலினுள் பாயும். கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகள், கால்களுக்கு மிதிகட்டைகள், எந்தக் குழல் வரிசை பேச வேண்டும், எது மௌனமாயிருக்க வேண்டும் என்று விதிக்கும் இழுகைப்பிடிகள் இருபுறமும். மின்சாரம் இல்லாத அக்காலத்தில் மனிதன் செய்த கருவிகளுள் இதனினும் சிக்கலானவை மிகச் சிலவே.

இக்கருவியில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெளியே கோயில் முகப்புப் போல அழகாகத் தோன்றும் குழல்கள் சிலவே. பெரும்பாலானவை மரக்கூட்டினுள் மறைந்து நிற்கின்றன. அவற்றைக் கேட்போர் காண்பதில்லை, வாசிப்பவனும் காண்பதில்லை. உள்ளே மட்டமான உலோகத்தை வைத்தாலும், புழு அரித்த பலகையை வைத்தாலும், முதல் சில ஆண்டுகளில் எவரும் அறியார். எனவே, ஆர்கன் செய்வோனுடைய நாணயம் அவன் மனச்சாட்சியைப் பொறுத்ததாகவே இருந்தது. ஸில்பர்மன் இவ்விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். நல்ல மரம், நல்ல ஈயம், நுணுக்கமான வேலை என்பனவே அவருடைய முத்திரை. அவர் செய்தவை சற்றேறக்குறைய ஐம்பது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்ற பின்னரும் அவற்றுள் முப்பதளவு இன்றும் எஞ்சியிருக்கின்றன என்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவர் செய்த வேலை எத்தகையது என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

அவருடைய தமையனார் அந்திரேயாஸ், ரைன் நதிக்கரையைச் சேர்ந்த ஸ்டிராஸ்பர்க் நகரில் ஆர்கன் செய்பவராயிருந்தார். தம்பி அங்கே சென்று தொழில் கற்றார். 1710இல் தாய்நாடு திரும்பினார். வெள்ளிச் சுரங்கங்களால் பேர்பெற்ற பிரைபெர்க் நகரத்தார், தங்கள் பெரிய தேவாலயத்திற்கு ஆர்கன் செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 27. 1714இல் அது முடிந்தது. மூன்று கட்டை வரிசைகளும், 44 குழல் வரிசைகளும், மொத்தம் 2,674 குழல்களும் உடையது. அவ்வேலை ஒன்றே அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. பிரைபெர்க்கிலேயே பட்டறை அமைத்துக்கொண்டு, மணம் செய்துகொள்ளாமலே வாழ்நாளெல்லாம் தொழிலில் கழித்தார். 1723இல் சாக்ஸனி அரசர் அவருக்கு அரசவை ஆர்கன் சிற்பி என்னும் பட்டத்தை அளித்தார். 1736இல் டிரெஸ்டன் நகரத்துப் பிரவுவென் தேவாலயத்தில் அவருடைய ஆர்கன் ஏறியது. அந்த ஆர்கன் 1945ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், குண்டுவீச்சில் தேவாலயத்தோடு அழிந்தது. பிரைபெர்க் ஆர்கனோ இன்றும் நின்று ஒலிக்கிறது.

இத்தகைய கீர்த்தி வாய்ந்த மனிதர் தம் வேலையில் குறை கேட்கப் பொறுக்காதவராயிருந்ததில் வியப்பில்லை. அவரிடம் குறை சொல்லத் துணிந்தவரும் சாமானியர் அல்லர். அவர்தாம் யோஹான் செபாஸ்டியன் பாக் என்னும் சங்கீத மேதை.

பாக் அவர்கள் இன்று இசை இயற்றியவராகவே உலகெங்கும் போற்றப்படுகிறார். அவர் காலத்திலோ, ஆர்கன் வாசிப்பதிலும் ஆர்கனைச் சோதிப்பதிலும் வல்லவர் என்றே பெரிதும் பெயர் பெற்றிருந்தார். புதிய ஆர்கன் ஒன்று முடிந்தால், ஊரார் பணம் கொடுக்குமுன் அறிஞர் ஒருவரை அழைத்துச் சோதிப்பது வழக்கம். பாக் சோதிக்க வந்தால் முதலில் எல்லாக் குழல் வரிசைகளையும் ஒருசேரத் திறந்துவிட்டு முழு வேகத்தில் வாசிப்பாராம். இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். இதனை அவருடைய மகனாரே எழுதியிருக்கிறார். துருத்தி தளர்ந்திருந்தால் அந்நொடியே வெளிப்பட்டுவிடும். செய்தவன் முகம் வெளுத்துவிடும்.

இனி, இருவருக்கும் இடையே நிகழ்ந்ததைக் கூறுவோம். ஆர்கன் அன்றி வேறொரு கருவியிலும் ஸில்பர்மன் மனம் சென்றது. அக்காலத்துத் தந்திக் கருவியாகிய ஹார்ப்சிகார்டில், கட்டையை அழுத்தினால் இறகுமுள் ஒன்று தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. இக்குறையை நீக்க, இத்தாலியில் கிறிஸ்டோபோரி என்பவர் 1700ஆம் ஆண்டை ஒட்டி, தந்தியைச் சிறு சுத்தியலால் தட்டும் கருவியைக் கண்டுபிடித்தார். விரலின் வன்மைக்கேற்ப ஒலி கூடும், குறையும். இதுவே பின்னர் பியானோ எனப்பட்டது. அக்கருவியைப் பற்றிய விவரம் 1725இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஸில்பர்மன் அத்தகைய கருவிகள் இரண்டைச் செய்து முடித்தார்.

அவற்றுள் ஒன்றைப் பாக் பார்த்தார், வாசித்தார். ஒலியின் இனிமையை மெச்சினார்; வியந்தார் என்றே சொல்லவேண்டும். ஆனால் இரண்டு குறைகளை எடுத்துரைத்தார். உச்சத் தானத்துச் சுரங்கள் மெலிந்து ஒலிக்கின்றன என்பது ஒன்று. கட்டைகளை அழுத்துவது பெருஞ்சிரமமாயிருக்கிறது என்பது மற்றொன்று.

ஸில்பர்மனுக்கு அடங்காச் சினம் வந்தது. பாக்மீது நெடுநாள் மனத்தாங்கல் கொண்டிருந்தார். நாடு முழுவதும் போற்றும் தம்மை, பலரும் முயலத் துணியாத புதிய கருவியைச் செய்து காட்டிய தம்மை, அரை நாழிகை வாசித்துப் பார்த்த ஒருவர் குறை சொல்வதா? அவர் இவ்வாறு எண்ணியிருப்பார் என்று நாம் ஊகிப்பதில் தவறில்லை. ஏனெனில் அவர் இடத்தில் நாம் இருந்தால் நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம்.

ஆனால், பாக் சொன்னது பிழையன்று என்று அவர் மனச்சாட்சி சொல்லிற்று. அப்பொழுது அவர் செய்த செயலே நம் கட்டுரையின் உயிர்நிலை. அக்கருவிகளை வெளியே விற்பதை நிறுத்திவிட்டார். சொல்லப்பட்ட இரண்டு குறைகளையும் நீக்கும் வழியைத் தேடலானார். ஒரு மாதமோ ஓர் ஆண்டோ அன்று; பல ஆண்டுகள். நடுவே ஆர்கன் வேலை நடந்து வந்தமையால் பட்டறையில் அடுப்பு அணையவில்லை என்பது மெய்தான். ஆயினும், புதுமைக் கருவி ஒன்று கையிலிருக்க, வாங்கக்கூடிய பிரபுக்களும் நாட்டில் இருக்க, இது இன்னும் விற்பனைக்குத் தகுதியுடையதன்று என்று தானே தீர்ப்புச் செய்துகொள்வது எளிய காரியமா?

இறுதியில் கருவி திருந்திற்று. திருந்திய பின்னர் ஸில்பர்மன் விரும்பியது யாது? அதனைப் பாக்கிடமே காட்டவேண்டும் என்று விரும்பினார். காட்டினார். பாக் வாசித்துப் பார்த்து, ஒரு குறையும் கூறாது முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரடெரிக் அக்கருவிகளை வாங்கினார். அவர் தாமே புல்லாங்குழல் வாசிப்பதில் தேர்ந்தவர். 1747ஆம் ஆண்டு மே மாதத்தில் பாக் பாட்ஸ்டாம் அரண்மனைக்குச் சென்றபோது, அரசர் அவரை அறை அறையாக அழைத்துச் சென்று ஸில்பர்மன் செய்த கருவிகளை வாசிக்கச் செய்தார். ஒரு காலத்தில் தாம் குறை கூறிய கைவினையின்மீதே, அரசர் முன்னிலையில், அம்மேதையின் விரல்கள் ஓடின. ஸில்பர்மனுக்கு இதனினும் பெரிய வெகுமதி ஏது?

இச்செய்தியை நமக்குச் சொல்லி வைத்தவர் அக்ரிகோலா என்பவர், பாக்கின் மாணவர். 1768இல் வெளிவந்த அட்லுங் என்பவரின் நூலில் இது இடம்பெற்றது. அதில் நம் உள்ளத்தைக் கவரும் குறிப்பு ஒன்று உண்டு. பாக் கூறிய குறையே கருவிகள் வெளிவரத் தாமதமானதற்குக் காரணம் என்பதை ஸில்பர்மன் வாயாலேயே, ஒளிவுமறைவின்றி, தாம் கேட்டதாக அக்ரிகோலா எழுதுகிறார். ஆகவே, ஸில்பர்மன் தம் குறையைத் திருத்தியதோடு நில்லாமல், குறை இருந்தது என்பதையும், அதனைச் சொன்னவர் இன்னார் என்பதையும் பிறரிடம் ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டிராவிடின் பின்வந்தோர், நிபுணர் தம் அறிவாலேயே கருவியைச் சீர்ப்படுத்தினார் என்று எழுதிப் போயிருப்பர்.

இங்கே மூன்று படிகள் தெரிகின்றன. உண்மையை மனத்துள் ஏற்றுக்கொள்ளுதல் முதற்படி. நட்டம் வந்தாலும் பிழையான பொருளை விற்காது நிறுத்தித் திருத்துதல் இரண்டாம் படி. திருத்தியதைக் குறை சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்டுதல் மூன்றாம் படி. முதற்படியில் பலர் ஏறுகின்றனர். இரண்டாம் படியில் சிலர் ஏறுகின்றனர். மூன்றாம் படியில் ஏறுவோர் மிக மிக அரியர். ஏனெனில் முதல் இரண்டையும் தனியறையில் இருந்துகொண்டே செய்துவிடலாம். மூன்றாவதைச் செய்ய, வாயிற்படி தாண்டி வெளியே போகவேண்டும். ஒருவர் எதிரில் நின்று, நீங்கள் சொன்னது சரி என்று சொல்லவேண்டும்.

அப்படியாயின், குறை கூறுவோர் எல்லாருக்கும் தலைவணங்க வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டுவதில்லை. இதற்கும் ஸில்பர்மன் வாழ்க்கையே சான்று. ஆர்கனுக்குச் சுருதி சேர்ப்பதில் ஒரு தீராச் சிக்கல் உண்டு. பன்னிரண்டு சுரங்களையும் எல்லா ஸ்தாயிகளிலும், எல்லாச் சேர்க்கைகளிலும் பூரண சுத்தமாக அமைத்தல் இயலாது. சில சேர்க்கைகளை மிக இனிமையாக அமைத்தால் வேறு சில சேர்க்கைகள் ஓநாய் ஊளையிடுவதுபோல் ஒலிக்கும். எல்லாவற்றையும் ஓரளவு பொறுக்கத்தக்கதாக அமைத்தால் எதிலும் முழு இனிமை இராது. தேவாலயத்தில் அடிக்கடி வழங்கும் சேர்க்கைகள் இனிமையாய் இருத்தலே வேண்டுமென்பது ஸில்பர்மன் கொள்கை. ஸோர்கே என்னும் இசையறிஞர் 1748இல் ஒரு நூலில் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். ஸில்பர்மன் அதற்காகத் தம் முறையைக் கைவிடவில்லை.

பாக் சொன்னதற்குச் செவி சாய்த்தவர் ஸோர்கே சொன்னதற்கு ஏன் சாய்க்கவில்லை? பிடிவாதம் என்று சிலர் சொல்வர். அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் வேறுபாடு ஒன்று தெளிவாக உள்ளது. உச்சச் சுரம் மெலிதாக ஒலிப்பதும், கட்டை கடினமாக இருப்பதும் எவர் நோக்கிலும் குறைகளே. அவற்றை நீக்குவதால் வேறெந்த நன்மையும் கெடாது. சுருதி முறையோ இரு நன்மைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் விஷயம். அங்கே ஒருவர் இதனையும் மற்றொருவர் அதனையும் நேர்மையோடு தேர்ந்துகொள்ளலாம். ஆகவே குறை கேட்பவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இவர் நம் பிழையைக் காட்டுகிறாரா, அன்றித் தம் விருப்பத்தைக் காட்டுகிறாரா? பிழையாயின் திருத்துவோம். விருப்பமாயின் மரியாதையோடு கேட்டுக்கொண்டு நம் வழியே போவோம். ஆனால், பிழையை விருப்பம் என்று பெயர் மாற்றித் தப்பித்துக்கொள்வது நம் மனத்துக்குக் கைவந்த கலை. அதனை மட்டும் காவல் காக்க வேண்டும்.

குறை சொல்வது எளிது, கேட்பதுதான் கடினம் என்பதற்குப் பாக் அவர்களே மற்றொரு சான்று. 1737இல் ஷைபே என்னும் இளைஞர், பாக்கின் இசை சிக்கல் மலிந்து இயற்கை அழகை மறைப்பதாகத் தம் பத்திரிகையில் எழுதினார். பாக்கின் மனம் புண்பட்டது. 1738இல் லைப்சிக் நகரத்து ஆசிரியர் பிர்ன்பவும் என்பவர் அவர் சார்பில் நீண்ட மறுப்பு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். பிறர் ஆர்கன்களின் நுரையீரலைத் தயங்காது சோதித்தவருக்கும், தம் நெஞ்சில் ஒருவர் கைவைத்தபோது வலித்தது. இதைச் சொல்வது அப்பெரியாரைத் தாழ்த்துவதற்காக அன்று. வலி எல்லாருக்கும் பொது என்பதைக் காட்டுவதற்காகவே.

குறை கூறும் முறையும் உண்டு. அதனை ஸில்பர்மன் வரலாற்றின் பிற்பகுதியில் காண்கிறோம். அவரிடம் ஹில்டெபிராண்ட் என்றொரு மாணவர் இருந்தார், மிகுந்த திறமைசாலி. தொழில் கற்பிக்குமுன், சாக்ஸனியில் தமக்குப் போட்டியாக வேலை எடுக்கலாகாது என்று ஸில்பர்மன் அவரிடம் உடன்படிக்கை எழுதி வாங்கியிருந்தார். மாணவர் வளர்ந்து தாமே வேலைகளை ஏற்றபோது இருவருக்கும் வழக்கு மூண்டது. தொழிலாளியின் கையைக் கட்டும் அத்தகைய உடன்படிக்கையை நாம் நியாயமென்று ஒப்பமாட்டோம். ஸில்பர்மன் குற்றமற்றவர் அல்லர். குணமும் குற்றமும் கலந்த மனிதரே.

பல ஆண்டுகள் சென்றன. நவும்பர்க் நகரில் ஹில்டெபிராண்ட் பெரிய ஆர்கன் ஒன்றைச் செய்து முடித்தார். அதனைச் சோதிக்க 1746ஆம் ஆண்டு செப்டம்பரில் அழைக்கப்பட்டவர் இருவர்: ஒருவர் பாக், மற்றவர் ஸில்பர்மன். ஒரு காலத்தில் குறை சொன்னவரும் கேட்டவரும், இப்பொழுது பக்கத்தில் பக்கமாக அமர்ந்து, பிணங்கிப் பிரிந்த மாணவரின் வேலைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவராயினர். பழிவாங்க இதனினும் நல்ல தருணம் வாய்க்குமா? அவர்கள் அளித்த அறிக்கை நியாயமானது. உடன்படிக்கையில் கண்டவை யாவும் செய்யப்பட்டுள்ளன; அதில் இல்லாதவையும் சில சேர்க்கப்பட்டுள்ளன என்று எழுதினர். அதனோடு, குழல்களின் குரல் இன்னும் ஒருசீராக அமையும்படியும், கட்டைகளும் இழுகைப்பிடிகளும் இன்னும் செவ்வையாக இயங்கும்படியும் ஹில்டெபிராண்ட் மறுபடி ஒருமுறை முழுவதையும் பார்த்து வருதல் நலம் என்றும் குறித்தனர். உள்ள நன்மையை மறைக்கவில்லை. உள்ள குறையையும் மறைக்கவில்லை. குறையை நீக்கும் வழியையும் உடன் காட்டினர். குறை கூறுதல் ஓர் அறமாகுமானால் அதன் இலக்கணம் இதுவே.

அந்த மாணவர் சுருதி விஷயத்தில் ஆசிரியரைப் பின்பற்றவில்லை. எல்லாச் சேர்க்கைகளிலும் தாராளமாக வாசிக்கத்தக்க வேறொரு முறையைக் கையாண்டார் என்று பாக்கின் மருமகனார் ஆல்ட்னிக்கோல் 1753இல் எழுதியிருக்கிறார். அவ்வேற்றுமை இருந்தும் இருவரும் மீண்டும் ஒன்றுபட்டனர். டிரெஸ்டன் அரசவைத் தேவாலயத்திற்கான பேரார்கன் முடியுமுன்னரே, 1753ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் ஸில்பர்மன் இறந்தார். அவ்வேலையில் அவருக்குத் துணை நின்றவரும், அவருக்குப்பின் அதனை முடிக்கக் கை கொடுத்தவரும் ஹில்டெபிராண்டே. 1755இல் அது ஒலித்தது. 1944இல் அதன் குழல்களைக் கழற்றி வேறிடத்தில் பாதுகாத்தமையால் போரின் நெருப்புக்கும் தப்பி இன்றும் ஒலிக்கிறது.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிறர் வாழ்க்கையை எடுத்துக்காட்டி நீதி பேசுவோன் தன் வாழ்க்கையை மறைத்தல் முறையன்று.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், சம்பள நாளன்று, முதிய தொழிலாளி ஒருவர் நம் மேசையருகே வந்தார். "ஐயா, ரெண்டு நாள் வெட்டின குலை செக்ரோல்ல ஏறலைங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெட்டிய குலைகளைத் தம் வீட்டுக் கதவில் கரிக்கோடு போட்டு எண்ணி வைத்திருந்தார். நாமோ ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறியவர். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "கதவுக் கணக்கை வைத்துக்கொண்டு காரியாலயக் கணக்கைத் திருத்த வந்துவிட்டீரா?" என்றோம். அவர் மறுமொழி பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை, எல்லோரும் போனபின், ஏட்டைப் புரட்டினோம். அவர் சொன்னதே சரி. இரண்டு நாள் வேலை, அவர் பெயருக்கு அடுத்த வரியில் இருந்தவர் பெயரில் ஏறியிருந்தது. பிழை நம் கையெழுத்திலேயே இருந்தது. அடுத்த மாதம் நிலுவைத் தொகை என்று சேர்த்து அவருக்குக் கொடுத்துவிட்டோம். கணக்கு நேராயிற்று. அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வரிசையில் நின்று நம் ஏளனத்தைக் கேட்டவர்களிடமும் சொல்லவில்லை. அவர்கள் மனத்தில் இன்றுவரை தப்புக் கணக்குக்காரர் அந்த முதியவரே.

ஸில்பர்மனுடைய மூன்று படிகளில் இரண்டை ஏறி, நாம் நேர்மையானவர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். மூன்றாம் படியில் கால் வைக்கவே இல்லை. ஏன் வைக்கவில்லை? எண்ணிப் பார்த்தால் விடை வெட்கத்தைத் தருகிறது. ஸில்பர்மனுக்குக் குறை சொன்னவர் பாக். பெரியவர் ஒருவரிடம் திரும்பிச் சென்று, நீங்கள் சொன்னது சரி என்று கூறினால், கூறுபவனுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. நமக்குக் குறை சொன்னவரோ கதவில் கரிக்கோடு போடுபவர். அவரிடம் போய்ச் சொன்னால் பெருமை போய்விடும் என்று பயந்தோம். உண்மை, சொல்பவருடைய படிப்பையும் பதவியையும் பார்த்து எடை கூடுவதோ குறைவதோ இல்லை. கரிக்கோடும் கணக்கே. மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் பேசுகிறோம், பத்திரிகையில் எழுதுகிறோம். நம் பிழையைச் சுட்டிக்காட்டும் உரிமை எவருக்கு உண்டு என்பதில் மட்டும் பழைய ஏற்றத்தாழ்வை விடாது காப்பாற்றி வருகிறோம். ஒருவரைச் சமமாக மதிக்கிறோமா என்பதற்குச் சரியான சோதனை, அவருடன் ஒரே பந்தியில் உண்பது மட்டுமன்று. அவர் சொல்லும் குறையைக் கேட்டு, நாம் திருந்தியதை அவரிடமே சென்று சொல்வதும் ஆகும்.

தனி மனிதனுக்குச் சொன்னது சமூகத்திற்கும் பொருந்தும். கடன் வாங்கிப் பந்தலிட்டுத் திருமணம் செய்யாதீர். குடியால் குடும்பத்தைக் கெடுக்காதீர். சாதிப் பெயரால் பிள்ளைகளின் மனத்தைப் பிரிக்காதீர் என்று எவரேனும் சொன்னால், முதலில் அவர்மீது பாய்கிறோம். பாய்வதில் வியப்பில்லை. சில ஆண்டுகளில் மெல்லத் திருந்தவும் செய்கிறோம். திருந்திய பின்னர், நாம் எப்போதும் இப்படித்தான் இருந்தோம் என்று நடிக்கிறோம். அன்று கல்லெறி பட்டவரை மறந்துவிடுகிறோம். அதனால் அடுத்த குறையைச் சொல்ல முன்வருவோர் குறைந்து போகின்றனர். திரும்பிச் சென்று ஒப்புக்கொள்ளுதல் வெறும் உபசாரமன்று. நாளைக்கும் நமக்கு உண்மை சொல்ல ஒருவர் வாய் திறக்க வேண்டுமானால், நேற்று சொன்னவருக்கு நாம் கொடுக்க வேண்டிய கூலி அது.

அந்த முதியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தம் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். பேருந்தில் சென்றால் அரை நாள் பயணம். வரும் சம்பள நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதென்று தீர்மானித்திருக்கிறோம். அதற்கு முன், அந்தச் சம்பள நாளன்றே, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டியதையும் சொல்வோம். அவர் மன்னிப்பாரா என்பது நமக்குத் தெரியாது. அது அவர் உரிமை. போவது நம் கடமை. வாசகர்களே, உங்கள் ஏட்டிலும் இவ்வாறு அடுத்த வரியில் ஏறிப்போன பெயர் ஏதேனும் உண்டா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.